ஐரீனின் மணிக்கட்டும் என் ஜலதோஷமும்

1

புகார் என் மேல்தான் என்று நம்பினேன். ஒருநாள் இரண்டு நாள் அல்ல, எட்டு நாள். அந்த எட்டு நாளில் நான் மனத்துக்குள்ளேயே கைதாகி, ஜாமீன் கிடைக்காமல், நாடு கடத்தப்பட்டு, திருவனந்தபுரத்தில் வந்து இறங்கி, பாளையங்கோட்டைக்கு டாக்சி பிடித்து, வாசலுக்கு வந்த சொந்தக்காரர்களிடம் "சும்மா லீவுக்குத்தான் வந்தேன்" என்று சொல்வதுவரைக்கும் ஒத்திகை பார்த்து முடித்திருந்தேன்.

இங்கிலாந்தின் நடுவில், பேரைச் சொன்னால் இங்கிலாந்துக்காரர்களே "அது எங்கே?" என்று கேட்கிற ஒரு சிற்றூரில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். இங்கே ஊர்ப் பாடகர் குழு ஒன்று உண்டு. செவ்வாய்தோறும் சாயங்காலம் நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற கூடத்தில் கூடுவோம். பாடத் தெரிந்தவர், தெரியாதவர், தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர் எல்லோருக்கும் இடம் உண்டு. நாற்பது பேர். கட்டைக்குரல் வரிசையில் நாலு பேர்தான். அதில் நான் ஒருவன். இன்னொருவருக்குக் காது கேட்காது. எங்களில் சுருதி சுத்தமானவர் அவர்தான்.

ஒரு புதன்கிழமை காலை, அலுவலகத்துக்குக் கிளம்புகிற நேரத்தில், ஹெலனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஹெலன் எங்கள் குழுவின் பாதுகாப்புப் பொறுப்பாளர். நம்மூர் வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே பத்துப் பேர் கூடி ஒரு பாட்டுப் பாடினாலும், அதில் ஒருவர் பாடாமல் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். பாட வந்த குழந்தைகள், வயதானவர்கள், உடம்புக்கு முடியாதவர்கள், தனியாக இருப்பவர்கள் யாருக்கும் யாராலும் தீங்கு வராமல் பார்ப்பது அவர் வேலை. ஹெலன் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பது வருடம் முன்மேசையில் உட்கார்ந்திருந்து ஓய்வு பெற்றவர். பயந்துபோய் வருகிறவர்களைப் பார்த்துப் பழகிய முகம்.

கடிதத்தில் மூன்றே வரி. குழுவில் ஒருவர் தொடர்பாக ஒரு கவலை தெரிவிக்கப்பட்டிருக்கிறது. அடுத்த வியாழக்கிழமை உங்களோடு தனியாகப் பேச வேண்டும். மற்ற உறுப்பினர்களிடம் இதைப் பற்றிப் பேச வேண்டாம்.

இந்த நாட்டில் யாரும் புகார் கொடுப்பதில்லை, கவலைதான் தெரிவிப்பார்கள். எங்கள் அலுவலகத்தில் மேலாளர் ஒருமுறை ஒருவரைப் பற்றிச் 'சின்னதாக ஒரு கவலை' தெரிவித்தார். மூன்றாம் வாரம் அந்த மேசையில் ஒரு பூந்தொட்டி இருந்தது, ஆளைக் காணோம்.

2

நான் செய்த குற்றங்களைச் சொல்வதற்கு முன் ஐரீனைச் சொல்ல வேண்டும்.

எண்பத்தொரு வயது. நடுக்குரலில் பாடுவார். அவர்கள் வரிசை முடிகிற இடத்தில் அவர் நாற்காலி, எங்கள் வரிசை தொடங்குகிற இடத்தில் என் நாற்காலி. எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஐம்பது தாண்டிய ஒரு மகனோடு இருக்கிறார். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால், மழையில் பஸ்ஸுக்கு நின்றவரைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். அன்றிலிருந்து செவ்வாய்தோறும் என் வண்டியில்தான் வருகிறார், போகிறார். வழியெல்லாம் என் உச்சரிப்பைத் திருத்துவார். நான் அவர் உச்சரிப்பைத் திருத்துவேன். 'திருநெல்வேலி' இப்போது ஓரளவு வருகிறது.

குழுவில் சேரும்போது பதினோரு பக்க விதிமுறை ஒன்று கொடுத்தார்கள். முதலில் கையெழுத்து, பிறகு தேவைப்பட்டால் படிப்பது என்ற மரபில் வந்தவன் நான். ஹெலனின் கடிதம் வந்த அன்றுதான், பென்சிலும் கையுமாக உட்கார்ந்து அதை முதல்முறை படித்தேன். வண்டியில் அழைத்துப் போவதென்றால் குழுவின் பட்டியல் வழியாக மட்டுமே. என் பெயர் பட்டியலில் இல்லை. கூடுமானவரை தனியாக அழைத்துப் போகக் கூடாது. வண்டியில் மூன்றாவதாக இருந்தது ரேடியோ மட்டும்தான். தேவையில்லாமல் தொடக் கூடாது. வாரா வாரம் முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டிருக்கிறேன். பரிசுப் பொருள் தரக் கூடாது. போன லீவில் ஊரிலிருந்து அரைக்கிலோ அல்வா கொண்டுவந்து கொடுத்தேன். செயற்கைப் பல்லோடு அவர் அதைத் தின்றது வேறொரு விதியில் வரும் என்று நினைக்கிறேன். உறுப்பினர் சொல்வதை ரகசியமாக வைத்துக்கொள்வதாக ஒருபோதும் வாக்குக் கொடுக்கக் கூடாது. இது ஏழாம் பக்கம். அதிலும் நான் தேறவில்லை.

அந்த ரகசியம் இதுதான். ஜனவரியில் ஒருநாள் கையுறையைக் கழற்றியபோது, ஐரீனின் இடது மணிக்கட்டைச் சுற்றி நாலு நீலத் தடம் இருந்தது. கார்க் கதவு இடித்துவிட்டது என்றார். எந்தக் கார் என்று கேட்கவில்லை. அவர் ஏறுவது என் கார் ஒன்றில்தான் என்பதால் வீட்டுக்கு வந்து என் கார்க் கதவை ஆராய்ந்தேன். பிப்ரவரியில் கோட்டுக் கை சிக்கியபோது, முழங்கைக்கு மேலே மஞ்சள் பாரித்த இன்னொரு தடம் தெரிந்தது. நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். மகன் சில நாள் பொறுமை இழந்துவிடுகிறான், நல்ல பையன்தான், வேலை போனதிலிருந்து இப்படி, நீ யாரிடமும் சொல்ல மாட்டாய்தானே என்று கேட்டார். சத்தியமாகச் சொல்ல மாட்டேன் ஆன்ட்டி என்றேன். சொன்னபடியே இருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இப்போது என் மூளை வேலை செய்த விதத்தைக் கவனியுங்கள். யாரோ அந்தத் தடத்தைப் பார்த்திருக்கிறார்கள். வாரா வாரம் நாற்பது பேர் பார்க்க ஐரீனின் கையைப் பிடிப்பவன் யார்? நான். ஒரு வயதான பெண்ணின் கையை மகன் முறுக்குகிறான் என்ற விஷயம் மண்டைக்குள் எங்கோ பின்வரிசையில் உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் நான் மட்டும் ஸ்கேலை எடுத்து வைத்துக்கொண்டு என் விரல்களின் அகலத்தை அளந்துகொண்டிருந்தேன். பொருந்தும்போலத்தான் இருந்தது.

3

மற்ற உறுப்பினர்களிடம் பேச வேண்டாம் என்றுதானே சொன்னார்கள்? வீட்டில் பேசினேன்.

என் மனைவி எஸ்தர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கிறவள். கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். "ஏங்க, உங்களப் பிடிச்சுட்டுப் போக வாரவங்களுக்கு இட்லி போதுமா, தோசை ஊத்தணுமா?" என்றாள். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, கூட இரண்டு போலீஸ் வந்தால் மாவு காணாது என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

மகள் நிவிக்குப் பத்தொன்பது வயது. கல்லூரி போக, நீச்சல் குளம் ஒன்றில் பகுதிநேர வேலை. அங்கே இந்தப் பாதுகாப்புப் பயிற்சியெல்லாம் எடுத்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறாள். ஊரில் நாங்கள் வேதாகமப் பரீட்சைக்கு வசனம் ஒப்பித்த மாதிரி, அவள் இந்த விதிகளை ஒப்பிப்பாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தமிழில் ஆரம்பித்தேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள், வழக்கம்போல நடுவில் எங்கேயோ சந்தித்துக்கொண்டோம்.

"அப்பா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு ப்ராமிஸ் பண்ணீங்களா? அத பண்ணவே கூடாது," என்றாள். பிறகு, "ஐரீன் இப்ப ஓகேவா?" என்று கேட்டாள்.

எண்பத்தொரு வயதுப் பெண்மணியை என் மகள் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாளே என்பதுதான் எனக்கு முதலில் உறைத்தது. ஆன்ட்டி என்று சொல்லு என்றேன். அதுவா இப்போது முக்கியம் என்றாள். அவள் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அந்த எட்டு நாளில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. என் பிரச்சினையின் தீவிரம் இந்தத் தலைமுறைக்குப் புரியவில்லை என்று மட்டும் வருத்தப்பட்டேன்.

4

நடுவில் செவ்வாய்க்கிழமை வந்தது. வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் குற்றம் தொடர்கிறது. போகாவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. மத்தியானம் வரை யோசித்துவிட்டு ஐரீனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். எனக்கு ஜலதோஷம், இந்த வாரம் வர இயலாது, மன்னிக்கவும்.

உடனே பதில் வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள், இஞ்சி போட்டு ஏதாவது குடி என்று எழுதியிருந்தார்.

சாயங்காலம் முன்னறைத் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பொய்யில் ஒரு ஒழுங்கு வேண்டும் என்று நினைக்கிறவன் நான்; அவ்வப்போது இருமினேன். எஸ்தர் ஒரு தைல டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

5

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அலுவலக வாகன நிறுத்தத்தில் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு செல்வினுக்குப் போன் போட்டேன். செல்வினும் நானும் பாளையங்கோட்டையில் ஒரே சபையில், ஒரே கொயரில், ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பகிர்ந்து நின்று பாடியவர்கள். இப்போது அவன் பள்ளிக்கூட வாத்தியார். அந்தக் கொயரை நடத்துகிறவனும் அவன்தான்.

"ஏலே, அங்கன போயும் கொயர்ல வம்பிழுத்துட்டியா?" என்று ஆரம்பித்தான். கதை முழுவதையும் சொன்னேன். "கையப் பிடிச்சு எறக்கிவிட்டதுக்கா கேஸு? அப்பம் நம்ம கொயர்ல பாதிப் பேர உள்ளலா வைக்கணும்," என்றான். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அடுத்து, "சரி, அந்தம்மா கையில தடம் யாரு பண்ணதுலே?" என்று கேட்டான்.

"மவன்."

அவனுக்குப் பின்னால் சாயங்காலக் கோயில் மணி அடித்தது. பிறகு, "மெர்சி அக்கா கணக்காலா இருக்கு," என்றான்.

மெர்சி அக்காவை நான் மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். எங்கள் கொயரில் இரண்டாம் குரலுக்கு அவர்தான் தூண். ஒரு மே மாதம், முக்கூடலில் ஒரு சபையின் பண்டிகைக்குப் பாட வேனில் போனோம். வேனுக்குள் நாங்கள் எல்லோரும் வெந்துகொண்டிருந்தோம். அக்கா மட்டும் மணிக்கட்டுவரை மூடிய முழுக்கை ரவிக்கை போட்டிருந்தார். நெல்லை வெயிலில், மே மாதத்தில், முழுக்கை. புது ஃபேஷன் நல்லாருக்குக்கா என்று நான்தான் சொன்னேன். ஆராதனைக்கு முன் ஆற்றில் இறங்கிக் கைகால் கழுவினோம். அவர் ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டதும் எல்லோரும் பார்த்தோம். எல்லோரும் உடனே ஆற்றைப் பார்த்தோம். அந்த வருடம் தாமிரபரணியில் தண்ணீர் நன்றாக இருந்தது என்று பேசிக்கொண்டோம்.

எங்கள் கொயரில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது இரண்டு சனிக்கிழமை ஒத்திகைக்கு வராவிட்டால், மொத்தக் கொயரும் அவர் வீட்டுக்குக் கிளம்பிவிடும். ரொட்டி, ஹார்லிக்ஸ் பாட்டில், ஆறு ஆப்பிள். போய் ஒரு பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி, காப்பி குடித்துவிட்டு வருவோம். முன்கூட்டிச் சொல்வதெல்லாம் கிடையாது. இங்கே வந்து, அடுத்த வீட்டுக்காரரைப் பார்க்க இரண்டு வாரம் முன்னால் கேட்டு நேரம் வாங்குகிறபோதெல்லாம் அந்த வழக்கத்தைத்தான் பெருமையாகச் சொல்வேன். எங்கள் ஊரில் யாரும் தனியாக இல்லை என்று.

மெர்சி அக்கா மூன்று வாரம் வரவில்லை. போனோம். பதினெட்டுப் பேர். அவர் கணவர் அரசு அலுவலகத்தில் நல்ல வேலையில் இருப்பவர், ரொம்பத் தன்மையான ஆள். அவரே காப்பி போட்டுக் கொண்டுவந்தார். அக்காவுக்குக் காய்ச்சல், உள்ளே தூங்குகிறாள் என்றார். சரி, உள்ளே கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே பாடினோம். அன்றைக்கு என் கட்டைக்குரல் பிரமாதமாக அமைந்தது. காய்ச்சல் நீங்கும்படி ஜெபித்தோம். திரும்பி நடக்கையில் முருகன்குறிச்சி வந்ததும், அது ஃபில்டர் காப்பியா தூள் காப்பியா என்று ஒரு விவாதம் நடந்தது. அடுப்படி வரைக்கும் கேட்காமல் போகிற கூட்டம் நாங்கள். ஒரு பெண்ணின் கையில் தடம் இருந்தால் மட்டும் அது அடுத்தவர் வீட்டு விஷயம்.

செல்வின் சொன்னான். "போன மாசம் வள்ளியூர்ல ஒரு கல்யாணத்துல அவுகளப் பாத்தேன். தம்பி வீட்ல இருக்காவ. நல்லாத்தான் இருக்காவ. சாப்பிட்டுட்டு இருக்கும்போது பைய கேட்டாவ. 'அன்னைக்கு நீங்க பாடுனது உள்ள நல்லாக் கேட்டுச்சு செல்வின். ஒருத்தராவது அந்தக் கதவத் தட்டியிருக்கலாம்லா?'"

"நீ என்னலே சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்ல. ரசம் வாங்கிட்டு வாரேன்னு எந்திச்சுப் போயிட்டேன்."



6

வியாழக்கிழமை ஒரு கோப்போடு போனேன். அதில் வண்டிக் காப்பீடு, இரண்டு வருடச் செவ்வாய்க்கிழமைகளின் பட்டியல், கார்க் கதவின் புகைப்படம் மூன்று கோணத்தில். நூலகத்தின் சின்ன அறை. விதிப்படி கதவு பாதி திறந்திருந்தது. ஹெலன் தேநீர் ஊற்றி, பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார். தப்பி ஓடாமலிருக்கத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐரீனைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். "நான் எதையும் எடுத்துக் கொடுக்க மாட்டேன். நீங்களாகச் சொல்லுங்கள். இந்தக் குளிர்காலத்தில் ஏதாவது கவனித்தீர்களா?"

பொறி என்றுதான் பட்டது. இல்லை என்று சொன்னால் கோப்பு என்னைக் காப்பாற்றும், கொடுத்த வாக்கும் பிழைக்கும். பார்த்தேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி: அவ்வளவு பக்கத்தில் உனக்கு என்ன வேலை? தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. செல்வின் ரசம் வாங்க எழுந்து போனது நினைவுக்கு வந்தது. இந்த அறையில் எழுந்து போய் வாங்குவதற்கு ரசம் இல்லை.

"ஜனவரியில், இடது மணிக்கட்டு," என்றேன்.

பத்தொன்பது வருடமாகச் சேர்த்து வைத்த ஆங்கிலம் அந்த இடத்தில் என்னைக் கைவிட்டது. நடந்ததும் நடப்பதும் நடக்கப்போவதும் கலந்து வந்தன. ஹெலன் அவசரப்படுத்தவில்லை. நாலு தடம், முழங்கைக்கு மேலே ஒன்று, மகனைப் பற்றி ஐரீன் சொன்ன வார்த்தைகள், எல்லாவற்றையும் நான் சொன்ன மாதிரியே எழுதிக்கொண்டார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்ததையும் சொன்னேன். அந்த வாக்கை இனி யாருக்கும் கொடுக்காதீர்கள், ஏழாம் பக்கத்தில் இருக்கிறது என்றார். கோபமில்லை. பல் பிடுங்குவதற்கு முன் சொல்கிற குரல்.

அதன் பிறகுதான் நான் என் கோப்பைத் திறந்தேன். கார்க் கதவின் முதல் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டார். என் கார்க் கதவு என்றேன். மற்ற இரண்டு கோணங்களையும் பொறுமையாகப் பார்த்தார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் நகராட்சியிலிருந்து இரண்டு பேர் ஐரீனின் வீட்டுக்குப் போனார்கள். கோடை தொடங்குமுன் மகனுக்கு வேறு இடம் பார்த்துக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகிறான், அப்போது இன்னொருவரும் கூட இருப்பார். என் பெயர் இப்போது வண்டிப் பட்டியலில் இருக்கிறது. அதற்கு நாலு பாரம் நிரப்பினேன், நாலையும் படித்தேன்.

புகார் என் மேல் இல்லை. கவலையைத் தெரிவித்தது ஐரீன்தான். பார்த்தவர் யாராவது உண்டா என்று ஹெலன் கேட்டதற்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறார்; யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவன் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான், அதனால் நீங்கள்தான் அவனைக் கேட்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். எனக்கு ஜலதோஷம் பிடித்திருந்த அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் இரண்டு பஸ் மாறி ஒத்திகைக்கு வந்தார். ஒருவேளை நான் தாமதமாக வந்தாலும் வருவேன் என்று, என் நாற்காலியில் தன் பையை வைத்து, பாட்டு முடியும்வரை இடம் பிடித்து வைத்திருந்தார்.